குளிக்கிற டிரம்மில் அவித்த பைகள்

எனக்கு வாய் நீளம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்டி" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கேமரன் மலையில், தோட்டத்துத் தேயிலைக் கடைக்கு வேலைக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கொழுந்துக் கூடையை முதுகில் போடாமல், கூரைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான்.

கடை ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள் கீழே பச்சையாகக் கிடக்கும் மலையைப் பார்த்து "ஆகா" போட்டுவிட்டு, ஒரு பாக்கெட் தேயிலை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுக்க அம்மா மூன்று வருடம் கிராணியின் பின்னால் நடந்தாள். கிராணி என்றால் கடைக் கணக்கையும் எங்களையும் மேய்க்கிற குமாஸ்தா. அம்மா ஒருநாளும் கடைக்குள் வந்ததில்லை. கொழுந்து எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவது வழக்கமில்லை. ஆனால் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது ரோட்டில் நின்று, கண்ணாடி வழியாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நான் சேர்ந்து ஒரு வருடத்தில் பிளாஸ்டிக் பை வந்து இறங்கியது. வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருடமாகியும் மானேஜரை நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் துரை கோலாலம்பூர்த் தமிழர். வாயில் எப்போதும் இங்கிலீஷ்தான், கோபம் வந்தால் மட்டும் தமிழ். அவர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, தேயிலை வாங்குகிற எல்லோருக்கும் இலவசமாக ஒரு பை கொடுக்க வேண்டும் என்றார். மலையின் சுத்தத்தைப் பற்றி விளம்பரம் செய்தால் தோட்டத்துக்கு நல்ல பெயர் வருமாம். லோரி நிறையப் பை வந்தது. பச்சை நிறம், தடித்த பிளாஸ்டிக், நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்து. அதற்குக் கீழே மலாயிலும் இங்கிலீஷிலும், இயற்கையை நேசிப்போம், மலையைச் சுத்தமாக வைத்திருப்போம் என்று எழுத்து.

அடேயப்பா, எவ்வளவு அழகான பை! சும்மா சொல்லக் கூடாது, தோட்டத்திலேயே அந்தப் பையைப் பார்த்து அதிகம் பெருமைப்பட்டவள் நான். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கையாலும் கொடுப்பேன். லைனில் அந்தப் பைக்குப் போட்டி. கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டு, மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார்கள். மழை வந்தால் பெண்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பையைத் தூக்கிப் போடுவது என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் மற்றவர்கள் தூக்கிப் போடுவார்கள் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த வருடக் கடைசியில் மழைக் காலம் வந்தது. கொட்டு கொட்டென்று மழை, ஆனால் லைனில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் இல்லை. வானமெல்லாம் தண்ணீர், குழாயில் மட்டும் காற்று. எங்களுக்குத் தண்ணீர் மேலே பள்ளத்து ஓடையிலிருந்து வரும். ஓடையை மறித்து ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டி வாயில் கம்பி வலை, அங்கிருந்து பைப். இடையில் கொஞ்ச நேரம் சொட்டும், மறுபடி நின்றுவிடும். இப்படியே இரண்டு வாரம் இழுத்தது.

குடிக்கவும் சமைக்கவும் ஃபேக்டரிக் குழாயில் தூக்கி வந்தோம். கூரைத் தண்ணீரைப் பிடித்தால் ஃபேக்டரிப் புகைக்கரியாக வந்தது, பாத்திரம் கழுவத்தான் ஆனது. குளிக்க வழியில்லை. கேமரன் மலைக் குளிரில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று தெரியும். லைனுக்குப் பின்னால் ஆறு வீட்டுக்குப் பொதுவாக, கொட்டகைக் கூரைக்குக் கீழே ஒரு பழைய இரும்பு எண்ணெய் டிரம் இருக்கும். காலையில் நிரப்பி, மத்தியானம் விறகு வைத்துவிட்டால், மலையிலிருந்து நனைந்து வருகிறவர்கள் சுடச்சுட மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். அந்த இரண்டு வாரமும் டிரம் காய்ந்து கிடந்தது. அம்மா உதடு நீலம் பாரித்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கிறபோது எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கும். யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பாராங்கைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஏறினோம். மரக்கிளை அடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் வெட்டுகத்தி எடுத்துப் போனோம். அங்கே போய்ப் பார்த்தால் கம்பி வலையே தெரியவில்லை. வலை முழுக்கப் பச்சை. என் பச்சை. கொழுந்துப் படம் போட்ட பைகள், ஒன்றன்மேல் ஒன்று, சேறு பூசி ஒட்டிக் கிடந்தன. ஒன்றை உருவினேன். வாய் கட்டியிருந்தது. உள்ளே தின்றுபோட்ட சோளக் கட்டை, கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியின் காம்பு, குழந்தையின் ஈரத் துணி. தொட்டிக்கு மேலேதான் ரோடு திரும்புகிற இடம். அங்கே காரை நிறுத்தி, படம் எடுத்து, தின்றுவிட்டு, குப்பையை எல்லாம் ஒழுங்காக என் பையில் போட்டுக் கட்டி, பள்ளத்தில் வீசியிருக்கிறார்கள்.

கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "நீ குடுத்த பைதானேடி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. வெட்கம் வந்தால் எனக்கு அடுத்து வருவது கோபம்.

மறுநாள் காலை சேறும் தண்ணீருமாக ஒரு கை நிறைய அந்தப் பைகளை அள்ளிக்கொண்டு போய்க் கிராணியின் மேசைமேல் போட்டேன். அந்த நேரம் பார்த்துத் துரை அங்கே நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"என்ன இது?" என்றார் துரை. தமிழில் கேட்டார். கிராணி முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க குடுக்கச் சொன்ன பை, துரை. நான் குடுத்தேன். இப்ப எங்க தண்ணித் தொட்டிக்குத் திரும்பி வந்துருக்கு. ரெண்டு வாரமா லைன்ல தண்ணி இல்ல."

"பையில என்ன எழுதியிருக்குன்னு நீ படிச்சியா?"

"நான் படிச்சேன், துரை. அவங்களும் படிச்சிருக்காங்க. குப்பைய அழகா பையில கட்டித்தான் வீசியிருக்காங்க."

"அப்ப எதுல குடுக்கச் சொல்ற? கையில அள்ளிக் குடுக்கவா?"

"துணிப் பையில குடுக்கலாமே! துணிப் பைய யாரு தூக்கிப் போடுவா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை துணிப் பையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

துரை ஒரு சேற்றுப் பையை விரல் நுனியால் தள்ளிவிட்டார். பிறகு சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கோலாலம்பூர்லேருந்து பஸ் கம்பெனி ஆளுங்க வர்றாங்க. நம்ம விளம்பரத்தப் பாக்கத்தான் வர்றாங்க. மறுநாள் புது பிளாஸ்டிக் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடணும். இருநூறு துணிப் பை இந்த மேசையில இருந்தா ஆர்டர நிறுத்தறேன். இல்லன்னா நீ கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ. வாய் பேசறதுக்குக் கவுண்டர்ல ஆள் வேணாம்லா."

அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூணு வருஷம் நடந்தேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

லைன் மேட்டில் ஒரு அக்கா இருந்தார். வேதக்காரக் குடும்பம், கால் மிதிக்கிற தையல் மிஷின் அவர் வீட்டில் மட்டும்தான். என்னைக் கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "வாயால ஆர்டர் எடுத்துட்டு வந்துட்டா, இனி நாம கால் வலிக்க மிதிக்கணும்" என்றார். ஆனால் அன்றைக்கே மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். துணிக்கு ரிங்லெட் டவுனில் ரொட்டிக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போனோம். மாவு வந்த காடாத் துணிச் சாக்குகள் அவர் கடைக்குப் பின்னால் மலையாகக் கிடந்தன. எலிதான் தின்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார் அந்த மனுசன். நல்லா இருக்கட்டும்.

அலசி, வெட்டி, தைத்தோம். லைன் பெண்கள் மலையிலிருந்து வந்த கையோடு கைப்பிடிக்கு நாடா மடித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தொல்லை, சாக்கில் மாவு மில்லின் முத்திரை. சிவப்பில் பெரிய பூ, நீலத்தில் எழுத்து. சோடா போட்டு அவித்தும் போகவில்லை, மங்கியதோடு சரி. மாவுக்கு விளம்பரம் போட்ட பையில் தேயிலையைக் கொடுத்தால் துரை என்னை மலைக்கு அனுப்ப மாட்டார், தூக்கியே எறிவார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. துணியைத் தேயிலைச் சாயத்தில் போட்டால் என்ன? முத்திரை மறையும், தேயிலைக் கடைக்குத் தேயிலை நிறத்திலேயே பை. ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற தூளுக்குப் பஞ்சமா? அக்காவே "மூளை இருக்குதுலா உனக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பெரிய பாத்திரம் வேண்டும். கோயில் அண்டாவில் சாயம் காய்ச்சக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லைனில் எதைச் சூடாக்க வேண்டுமென்றாலும் எங்களுக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். குளிக்கிற டிரம். தொட்டி வலையைச் சுத்தம் செய்த பிறகு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் காய்ந்து கிடந்த டிரம்மின் உள்ளே சிவப்பாகத் துரு ஏறியிருந்தது. தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, நிரப்பி, தூளைக் கொட்டி, தைத்து முடிந்திருந்த நூற்று நாற்பது பையையும் ஒரே தடவையில் போட்டோம். ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது, இரண்டு ஈடாகப் போட எனக்குப் பொறுமை இல்லை. தேயிலைக்காரிகள் அல்லவா, நல்லாக் கொதித்தால்தான் சாயம் இறங்கும் என்று மத்தியானம் முழுக்க விறகு தள்ளினோம்.

கோலை விட்டு முதல் பையைத் தூக்கினேன். கறுப்பு. பிரவுன் இல்லை, பொன் நிறம் இல்லை, அடுப்புக் கரியைக் கரைத்த மாதிரிக் கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. அடியில் கிடந்தது அதைவிடக் கறுப்பு. நூற்று நாற்பதும் போச்சு! சோப்புப் போட்டு அலசினால் ஒரு பொட்டுகூடப் போகவில்லை. நான் டிரம்மின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். என் வேலை மட்டும் இல்லை, அத்தனை பெண்களின் உழைப்பும் என் அவசரத்தில் போய்விட்டது.  

அக்காதான் ஈரப் பைகளைக் கொடியில் போட ஆரம்பித்தார். "அழுதுகிட்டே பிழி, ரெண்டு வேலையும் நடக்கும்" என்றார். பிழிந்து பிழிந்து போடும்போது ஒரு பை கண்ணில் பட்டது. அது எல்லாவற்றுக்கும் மேலே மிதந்திருக்கிறது, டிரம்மில் அவ்வளவாகப் படவில்லை. நல்ல தேயிலை நிறம், முத்திரையே தெரியவில்லை. ஆனால் ஓரத்தில் டிரம் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் கோடு போட்டதுபோல் கறுப்பு. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிரம்மின் துருவைச் சுரண்டி, ஈர விரலால் அந்தப் பையில் தேய்த்தேன். விரல் பட்ட இடம் மெல்லக் கறுத்தது. அழுக்கு இல்லை. துருவும் தேயிலையும் சேர்ந்தால் வருகிற மை.

"அக்கா, இத வச்சு எழுதலாம்!" என்று கத்தினேன்.

மீதி அறுபது பைக்கு அக்கா அவர்கள் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸ் சோறு ஆக்குகிற அலுமினியக் குண்டானைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் இரும்புச் சனியன் இல்லை. அறுபதும் கட்டித் தேநீர் நிறத்தில் வந்தன. துருப்பிடித்த ஆணிகளை ஊறுகாய் வினிகரில் ஊறப்போட்டு, மறுநாள் அதில் ஒரு நிஜக் கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டும், தோய்த்துப் பையில் வைத்து அமுக்கினேன். எடுத்தால் நரம்புகூடத் தெரிகிற மாதிரிக் கறுப்புக் கொழுந்து! பிளாஸ்டிக் பையில் இருந்த படம் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அறுபதுதான். துரை கேட்டது இருநூறு. மீதி நூற்று நாற்பது கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலைத் தாண்டப் போனவள் நின்றுவிட்டேன். கதவோரம் ஒரு புதுக் கொழுந்துக் கூடை. தலைக்கயிற்றை மெத்தென்று துணி சுற்றித் தைத்திருந்தாள் அம்மா. விளிம்பில் சந்தனமும் குங்குமமும். முதல் தடவை மலைக்குப் போகிறவர்களின் கூடைக்கு எங்கள் லைனில் அப்படித்தான் வைப்போம். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என் நெற்றியில் பட்டால் வலிக்கக் கூடாது என்றுதான் அந்தக் கயிற்றைத் தைத்திருக்கிறாள். ஒன்றும் பேசாமல் போய்விட்டேன். நான் ஒன்றும் பேசாமல் போனது அன்றைக்கு ஒருநாள்தான்.

கடையில் அறுபது நல்ல பையை மேசையில் அடுக்கினேன். கறுப்புகளை மறைக்க மனசு வரவில்லை, மேசையில் இடமும் இல்லை. தரையில் குவித்து வைத்தேன். துரை வந்தார், பஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள். கொழுந்துப் பை ஒன்றைத் துரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு தரையைப் பார்த்தார்.

"அது என்ன கறுப்பு?"

கிராணி என் காதில், "புது டிசைன்னு சொல்லு, புள்ள. சொல்லித் தொலை" என்றார். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பைகளில் நாடா மடித்த கைகள் எல்லாம் எனக்குத் தெரியும்.

"அது கெட்டுப்போனது, துரை" என்றேன். "நாங்க குளிக்கிற டிரம்ல போட்டு அவிச்சிட்டோம். டிரம்ல துரு. தேயிலையும் துருவும் சேந்தா கறுப்பாயிடும்னு எனக்குத் தெரியல."

சுற்றுலாக்காரர்களில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா, சிங்கப்பூர்க்காரர், வாய்விட்டுச் சிரித்தார். "குளிக்கிற டிரம்மிலயா?" என்றார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. வழக்கம்போல வாய் திறந்துகொண்டது.

"ஆமாங்க. டிரம்ல ஏன் துரு ஏறுச்சு தெரியுமா? ரெண்டு வாரம் காஞ்சு கெடந்துச்சு. ஏன் காஞ்சு கெடந்துச்சு? தண்ணித் தொட்டிய நாங்க குடுத்த பிளாஸ்டிக் பை அடைச்சுக்கிச்சு. நான்தான் ரெண்டு கையாலயும் குடுத்தேன். உங்கள மாதிரி வந்தவங்க மேல நின்னு வீசிட்டுப் போனாங்க. எங்கம்மா ரெண்டு வாரம் மழையில நனஞ்சுட்டு வந்து குளிக்கத் தண்ணி இல்லாம ஒக்காந்துருந்தாங்க. அந்தப் பைதான் இந்தப் பையக் கறுப்பாக்குனது."

சரி, முடிந்தது கதை, கூடை வாசலில் காத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சிங்கப்பூர் அம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு கையில் வைத்திருந்த அழகான கொழுந்துப் பையை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து தரையிலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்தார். "நான் இத எடுத்துக்கறேன்மா. மன்னிச்சிக்க" என்றார். அடுத்தவரும் குனிந்தார். பிறகு பஸ் கம்பெனிக்காரர்.

துரை அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். ஆட்கள் வெளியே போன பிறகு என் பக்கம் வந்தார். "இப்ப சொன்னியே, அதையே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பையக் குடு. 'உங்கள மாதிரி'ங்கறத மட்டும் விட்டுடு" என்றார். கிராணியிடம் திரும்பி, "அந்த பிளாஸ்டிக் ஆர்டர் வேணாம். ரிங்லெட்ல இன்னும் சாக்கு கெடைக்குமான்னு கேளு" என்றார். இதையும் தமிழில்தான் சொன்னார். கோபமில்லாமல் அவர் தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எங்கள் துணிப் பையால் மலை மொத்தமும் சுத்தமாகிவிட்டது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ரோட்டோரக் கடைகளின் பிளாஸ்டிக் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த மழைக் காலத்தில் தொட்டி வலையில் கொழுந்துப் படம் போட்ட பை ஒன்றுகூட இல்லை, தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை. டிரம்மில் மட்டும் கொஞ்ச நாள் தண்ணீர் தேநீர் மாதிரியே வந்தது, லைனில் எல்லோர் துண்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்கு நான் வாங்கிய திட்டு தனி.

அந்த ஞாயிறு மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது கதவு திறந்தது. அம்மா. முதல் தடவையாகக் கடைக்குள். முதுகில் அந்தப் புதுக் கூடை. என்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று நினைத்து நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். கிராணி அதற்குள் சொல்லியிருக்கிறார் போல; அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையில் மீதி கிடந்த கறுப்புப் பைகளைப் பார்த்தாள். கூடையை இறக்கி, கவுண்டர்மேல் வைத்து, ஒவ்வொரு பையாக உதறி மடித்து அதில் அடுக்கினாள்.

"தரையில போட்டு வச்சா யாருடி மதிப்பா? இதுல வை. ஒக்காரு, ஆளுங்க வர்றாங்க" என்றாள்.

கூடை அங்கேயே இருந்தது. அந்தக் கடையில் நான் வேலை பார்த்த அத்தனை வருடமும் பைகளை அதில்தான் அடுக்கினேன். சந்தனம் எப்போதோ உதிர்ந்துபோனது, குங்குமக் கறை மட்டும் விளிம்பில் ஒட்டியிருந்தது. அந்தக் கூடையை நான் ஒருநாளும் முதுகில் போட்டதில்லை.